பெண்ணுரிமைக்கும் ஜனநாயகத்துக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா சேத்து சொல்றாங்களா?

சும்மா_கேக்குறேன்:

ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி. இங்க அரசியல், வரலாறு எல்லாம் படிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கலாம்னு. "பெண்களுக்கு உரிமை இருக்கற நாட்டுலதான் ஜனநாயகம் நல்லா இருக்கும்"னு ஐநா அறிக்கைல இருந்து யூட்யூப் வீடியோ வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க, ஆனா எப்படி, எந்த வழியா, அத மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டும் நல்ல விஷயம், அதனால ரெண்டும் ஜோடியாத்தான் வரும்னு ஒரு நெனப்பு, அவ்வளவுதானோன்னு எனக்கு ஒரு டவுட்டு.

எதிர் உதாரணம் தேடுனா தாராளமா கிடைக்குது. சுவிட்சர்லாந்து எடுத்துக்கங்க, எதுக்கெடுத்தாலும் மக்கள்கிட்ட ஓட்டு கேக்கற நாடு, ஆனா 1959ல பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமான்னு ஆம்பளைங்ககிட்ட கேட்டப்ப மூணுல ரெண்டு பங்கு பேர் வேணாம்னுட்டாங்க, 1971லதான் ஒத்துக்கிட்டாங்க. அப்பன்செல் இன்னர்ரோடன்னு ஒரு மாகாணம், அவங்க 1990லயும் முடியாதுன்னு கை தூக்கி ஓட்டு போட்டு, அப்புறம் ஃபெடரல் கோர்ட் தலையிட்டுத்தான் வழிக்கு வந்தாங்க. அது வரைக்கும் அந்த நாட்ட ஜனநாயகத்துக்கே முன்மாதிரின்னுதான பாடப்புத்தகத்துல எழுதுனாங்க?

இந்தப் பக்கம் ருவாண்டா. 2008லயே பார்லிமெண்ட் கீழவைல பாதிக்கு மேல பெண்கள், 2013ல 64% கிட்ட போயிடுச்சு, உலகத்துலயே முதலிடம். ஆனா அதிபர் ககாமே 2017லயும் 2024லயும் கிட்டத்தட்ட 99% ஓட்டு வாங்கி ஜெயிக்கறாரு. 99%னா அது தேர்தலா? அப்புறம் ஜப்பான். 2021 தேர்தல் முடிஞ்சப்ப கீழவைல பத்துல ஒருத்தர் கூட பெண் இல்ல, ஆனா அங்க ஓட்டு எண்ணுறதுல யாரும் குத்தம் சொல்றதில்ல.

அப்ப சம்பந்தம் எங்க இருக்கு? எது காரணம், எது விளைவு? திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், பெண்ணுரிமை ஜனநாயகத்துக்கு உதவுனாலும் உதவலைனாலும் அது வேணும், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா காரணத்த ஓட்டையா சொன்னா எதிர்ல பேசறவன் ரெண்டே நிமிஷத்துல உடைச்சுட்டு போயிடுவான், அதான் கேக்கறேன்.

பழைய_பேப்பர்:

நல்ல கேள்வி தம்பி. ஆனா நீங்க அளக்கற அளவுகோல்லயே கோளாறு இருக்கு. பார்லிமெண்ட்ல எத்தன நாற்காலின்னு எண்ணுறீங்க. நாற்காலி குடுக்கறது ரொம்ப சுலபம், குடுக்கற ஆளுக்கு அதனால எந்த நஷ்டமும் வராதுன்னா.

சோவியத் யூனியன பாருங்க. அவங்க உச்ச சோவியத்துல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருந்த காலம் உண்டு, அப்ப மேற்கு நாடுங்க பக்கத்துல கூட வர முடியல. ஆனா அந்த சபை வருஷத்துல சில நாள் கூடும், எல்லாத்துக்கும் கைய தூக்கும், கலைஞ்சிடும். நிஜமா முடிவெடுத்த போலிட்பீரோல முழு உறுப்பினரா பல பத்து வருஷத்துல ஃபுர்த்சேவான்னு ஒரே ஒரு அம்மா, அதுவும் நாலு வருஷந்தான். இதுக்கும் முன்னாடி நடந்தது இன்னும் முக்கியம், கட்சிக்குள்ளயே ழென்அத்யேல்னு பெண்களுக்குன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அது கொஞ்சம் சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சுது, 1930ல ஸ்டாலின் ஆட்சில "பெண்கள் பிரச்சனை தீந்து போச்சு"ன்னு சொல்லி மூடிட்டாங்க. ஆறே வருஷத்துல, 1936ல, கருக்கலைப்புக்கு தடை. அத எதிர்த்து பேச ஒரு அமைப்பும் மிச்சம் இல்ல. நாற்காலி மட்டும் அப்படியே இருந்துச்சு.

இப்ப நடக்கறதும் அதுதான். ஐக்கிய அரபு அமீரகத்துல ஃபெடரல் நேஷனல் கவுன்சில்ல 2019ல இருந்து சரி பாதி பெண்கள், நாப்பதுல இருபது. யார் போராடி வாங்குனாங்க? யாரும் இல்ல, அதிபர் ஒரு உத்தரவு போட்டாரு, முடிஞ்சுது. அந்த கவுன்சில் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். உத்தரவுல வந்தது உத்தரவுலயே போகவும் செய்யும், யாரும் கேக்க முடியாது. ஆராய்ச்சி பண்றவங்க சிலர் இதுக்கு ஜெண்டர்வாஷிங்னே பேர் வச்சிருக்காங்க. தேர்தல்ல தில்லுமுல்லு, எதிர்க்கட்சிக்காரன் ஜெயில்ல, ஆனா வெளிநாட்டுக்காரன் வந்தா "பாருங்க எங்க சபைல எத்தன பெண்கள்"னு காட்டறது.

அதனால நீங்க கேக்க வேண்டியது, அந்த நாட்டுல ஒரு பெண் அரசாங்கத்த பாத்து முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்கு பத்திரமா திரும்ப முடியுமா, நாலு பேர சேத்துக்கிட்டு ஒரு சங்கம் வைக்க முடியுமா. ருவாண்டாவ இந்த கேள்விய வச்சு பாருங்க. ஜப்பானையும் பாருங்க. ரெண்டும் இடம் மாறிடும்.

சுவிஸ் விஷயத்துல எனக்கு வேற கருத்து. அது நல்ல ஜனநாயகம், பெண்களுக்கு ஓட்டு மட்டும் இல்லன்னு சொல்றதே சரியில்ல. பாதி ஊருக்கு ஓட்டு இல்லாத இடத்துல மீதி பாதி நல்லா கூடி பேசுச்சுன்னுதான் சொல்ல முடியும். அதுலயும் அங்க இருந்த சிக்கல பாருங்க, ஓட்டுரிமைய விரிவாக்கணும்னா ஏற்கனவே ஓட்டு வச்சிருக்கற ஆம்பளைங்க ஓட்டு போட்டு ஒத்துக்கணும். நேரடி ஜனநாயகமே பூட்டாகிப் போச்சு.

வேப்பமரத்தடி_அக்கா:

பேப்பர் அண்ணன் சொன்னது சரி, ஆனா பார்லிமெண்ட்லயே நின்னுட்டீங்க. நான் வாக்குச்சாவடிக்கும் வீட்டுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு சொல்றேன், எனக்கு சம்பந்தம் அங்கதான் தெரியுது.

ஜனநாயகம்னா என்ன, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, அது ரகசிய ஓட்டு. தேர்தல் பார்வையாளர்கள் எழுதற அறிக்கைங்கள படிச்சு பாருங்க, கிழக்கு ஐரோப்பால இருந்து மத்திய ஆசியா வரைக்கும் "குடும்ப ஓட்டு"ன்னு ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே திரைக்குப் பின்னாடி போறது, இல்லன்னா அப்பா எல்லார் சீட்டையும் வாங்கி தானே குத்திட்டு பெட்டில போடறது. கணக்குல நாலு ஓட்டு, நெசத்துல ஒரு ஆளோட ஓட்டு நாலு தடவ. இது பெண்கள் பிரச்சனை மட்டுமா? அந்த தொகுதியோட முடிவே பொய்யாகுதே. வீட்டுத்தலைவர் ஒருத்தர விலைக்கு வாங்குனா நாலு ஓட்டு கைக்கு வரும்னா வேட்பாளர் எதுக்கு மக்கள்கிட்ட பேசணும்?

பாகிஸ்தான்ல இத நேருக்கு நேர் பாத்தாங்க. 2015ல லோயர் தீர்ல ஒரு இடைத்தேர்தல், பட்டியல்ல கிட்டத்தட்ட 47,000 பெண்கள், ஒருத்தர் கூட ஓட்டு போடல. ஒரே ஒருத்தர் கூட. அங்க இருந்த கட்சிங்க, ஒண்ணுக்கொண்ணு ஜென்ம விரோதிங்க, இதுல மட்டும் ஒத்துமையா பேசி வச்சுக்கிட்டாங்கன்னுதான் அப்ப குற்றச்சாட்டு. அதுக்கப்புறம் 2017 தேர்தல் சட்டத்துல ஒரு விதி கொண்டு வந்தாங்க, ஒரு தொகுதில விழுந்த மொத்த ஓட்டுல பெண்கள் ஓட்டு 10% கூட இல்லன்னா தேர்தல் கமிஷன் அந்த தேர்தலையே செல்லாதுன்னு அறிவிக்கலாம். அடுத்த வருஷமே ஷாங்லால ஒரு மாகாண சபை தொகுதில அப்படி ஆச்சு, முடிவ ரத்து பண்ணி மறுபடி ஓட்டுப்பதிவு வச்சாங்க. ஜெயிச்ச அதே ஆள்தான் திரும்பவும் ஜெயிச்சாரு, அது வேற கதை. ஆனா ரெண்டாவது தடவ பெண்கள சாவடிக்கு கூட்டிட்டு வாங்கன்னு ஊர்ப்பெரியவங்ககிட்ட போய் கெஞ்ச வேண்டிய நிலைமை வேட்பாளருங்களுக்கு வந்துச்சு பாருங்க, எனக்கு அது பெரிய விஷயமா படுது.

இந்தியாவோட முதல் பொதுத்தேர்தல், 1951-52. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனவங்ககிட்ட ஏகப்பட்ட பெண்கள் தன் பேர சொல்லவே இல்ல, இன்னாரோட சம்சாரம், இன்னாரோட அம்மான்னுதான் பதிஞ்சாங்க. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பேர் இல்லாம சேக்க முடியாதுன்னுட்டாரு, கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. கொடுமையா தெரியும், ஆனா அவர் செஞ்சது ஒரு விதத்துல சரின்னுதான் நான் சொல்வேன், ஏன்னா அடுத்த தேர்தலுக்கு பேர் சொல்லித்தான் பதியணும்னு ஆகிப்போச்சு. இன்னாரோட சம்சாரம்னு ஒரு குடிமகள் இருக்க முடியாதுல்ல.

சிலி நாட்டுல பினோசே சர்வாதிகாரம் இருந்தப்ப பெண்கள் தெருவுக்கு வந்து போட்ட கோஷம், "நாட்டுலயும் ஜனநாயகம், வீட்டுலயும் ஜனநாயகம்". ரெண்டையும் சேத்து கேட்டாங்க. ஸ்பெயின்ல ஃபிராங்கோ காலத்துல இதுக்கு நேர் எதிர், கல்யாணமான பொண்ணு வேலைக்குப் போக, சொந்தமா பேங்க் கணக்கு தொடங்க புருஷன் அனுமதி வேணும்னு சட்டமே இருந்துச்சு, 1975 வரைக்கும். மேல ஒரு சர்வாதிகாரி, வீட்டுக்கு வீடு ஒரு குட்டி சர்வாதிகாரி. கீழ இருக்கறவன் பழக்கிக் குடுத்துட்டான்னா மேல இருக்கறவனுக்கு வேலை மிச்சம்.

சந்தேகப்_பேர்வழி:

அக்கா ஸ்பெயின தொட்டதால நான் வரேன். நீங்க எல்லாரும் சொல்றதுல ஒரு இனிப்பு இருக்கு, பெண்களுக்கு உரிமை குடுத்தா ஜனநாயகம் பலப்படும்னு நேர் கோடு போடறீங்க. 1931 ஸ்பெயின் அவ்வளவு நேரா இல்ல.

புதுசா குடியரசு வந்திருக்கு. பெண்கள் தேர்தல்ல நிக்கலாம் ஆனா ஓட்டு போட முடியாதுன்னு ஒரு விசித்திரமான நிலைமை, அதுல ஜெயிச்சு வந்த ரெண்டு பேரு, கிளாரா காம்போஅமோர், விக்தோரியா கென்ட், ரெண்டு பேரும் வக்கீல். காம்போஅமோர் இப்பவே ஓட்டு வேணும்னாங்க. கென்ட் இப்ப வேணாம்னாங்க. பெண்கள் மேல வெறுப்புல இல்ல, பெரும்பாலான பெண்கள் பாதிரியார் பேச்ச கேட்டு குடியரசுக்கு எதிரா ஓட்டு போட்டுடுவாங்க, கொஞ்ச வருஷம் படிக்கட்டும், குடியரசு காலூனட்டும், அப்புறம் தரலாம்னு. பிரான்ஸ்ல இதே பயந்தான், கீழவை ஒத்துக்கிட்டாலும் செனட்காரங்க சர்ச்சுக்கு பயந்து பெண்கள் ஓட்ட வருஷக்கணக்கா தடுத்து வச்சாங்க, 1944 வரைக்கும் கிடைக்கல. ஸ்பெயின்ல 161க்கு 121ன்னு காம்போஅமோர் ஜெயிச்சாங்க. 1933ல பெண்கள் முதல் தடவையா ஓட்டு போட்டாங்க, வலதுசாரிங்க ஜெயிச்சாங்க. ரெண்டு பெண் உறுப்பினர்களுமே பதவிய இழந்தாங்க, சொந்த கட்சிக்காரனே காம்போஅமோர துரோகின்னு தூத்துனான். மூணு வருஷத்துல உள்நாட்டு போர்.

ஆக, பெண்ணுரிமை குடியரச காப்பாத்துச்சா? இல்லையே. அமெரிக்காலயும் 1920ல ஓட்டு வந்துச்சு, ஆனா தென் மாநிலங்கள்ல கறுப்பின பெண்களுக்கு 1965 வாக்குரிமை சட்டம் வர வரைக்கும் அது காகிதத்துலதான். பெண்ணுரிமை ஜெயிச்ச அதே வருஷம் ஜனநாயகம் பாதி ஊனமாத்தான் இருந்துச்சு. கோட்பாடு சொல்றவங்க இதுக்கு பதில் சொல்லணும்.

வேப்பமரத்தடி_அக்கா:

பதில் சொல்றேன் பேர்வழி. 1933ல இடதுசாரிங்க தனித்தனியா நின்னு ஓட்ட சிதற விட்டாங்க, அத ஏன் சொல்லல? 1936ல அதே பெண்கள் ஓட்டு போட்டப்ப கூட்டணியா நின்ன மக்கள் முன்னணி ஜெயிச்சுதே. பெண்கள் ஓட்டால குடியரசு சாகல, ராணுவக் கலகத்தாலதான் செத்துச்சு, அந்த கலகத்துக்கு யாரும் யார்கிட்டயும் ஓட்டு கேக்கல.

அத விடுங்க. கென்ட் வாதத்த ஒரு நிமிஷம் ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? யார் சரியா ஓட்டு போடுவாங்கன்னு முன்னாடியே தீர்மானிச்சுட்டு அவங்களுக்கு மட்டும் ஓட்டு தரது. அதுக்கு பேர் ஜனநாயகமா? பெண்கள் "நல்லா" ஓட்டு போடணும்னு எந்த கட்டாயமும் இல்ல. பெண்ணுரிமை ஜனநாயகத்துக்கு செய்யற உதவி, எல்லாரும் முற்போக்கா ஓட்டு போடுவாங்கங்கறது இல்ல. தோத்துப் போற அபாயத்தோட எல்லார் ஓட்டையும் எண்ணியே ஆகணுங்கறதுதான்.

காம்போஅமோர் கடைசி வரைக்கும் ஸ்பெயின் திரும்பி வாழ முடியல, 1972ல லொசான்ல இறந்தாங்க. சுவிட்சர்லாந்து. அங்க பெண்களுக்கு தேசிய ஓட்டு கிடைச்சு ஒரு வருஷந்தான் ஆகியிருந்துச்சு.

பழைய_பேப்பர்:

அமெரிக்கா விஷயத்துல பேர்வழி பாதி கதை சொல்லிட்டாரு, மீதி நான் சொல்றேன். அங்க ஓட்டுரிமை மாநிலம் மாநிலமா வேற வேற வருஷத்துல வந்துச்சு, அதனால ஒப்பிட்டுப் பாக்க வசதி. கிராண்ட் மில்லர்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் அப்படி பாத்து 2008ல எழுதுனாரு, பெண்கள் ஓட்டு வந்த உடனே அங்கங்க பொது சுகாதார செலவு ஏறியிருக்கு, குழந்தைங்க இறப்பு 8ல இருந்து 15% வரைக்கும் குறைஞ்சிருக்கு. பெண் உறுப்பினர்கள் வந்து செய்யல, அதே பழைய ஆம்பளை அரசியல்வாதிங்கதான், புதுசா வந்த ஓட்டுக்கு பயந்து செஞ்சாங்க. 1921ல தாய்சேய் நலத்துக்கு ஷெப்பர்ட் டவுனர் சட்டம் அப்படித்தான் பாஸாச்சு, பெண்கள் மொத்தமா திரண்டு தண்டிச்சுடுவாங்கன்னு பயம். சில தேர்தல் பாத்தாங்க, பெண்கள் ஒரே கட்டா ஓட்டு போடலன்னு தெரிஞ்சுது, டாக்டர் சங்கமும் எதிர்த்துச்சு, 1929ல அந்த சட்டத்த நீட்டிக்காம விட்டுட்டாங்க. பயம் போச்சு, திட்டமும் போச்சு. ஜனநாயகம் வேலை செய்யற விதமே இதுதான்.

சும்மா_கேக்குறேன்:

செம. இவ்வளவு நல்ல பதில் எதிர்பாக்கல. அடுத்த கேள்வி, சர்வாதிகாரத்துக்கு ஆசப்படற ஆளுங்க ஏன் பெண்கள் சட்டத்துல வந்து கை வைக்கறாங்க? அவங்களுக்கு வேற வேலை இல்லையா? ரஷ்யா 2017ல வீட்டுல அடிக்கறத, முதல் தடவ, பெரிய காயம் இல்லன்னா, கிரிமினல் குத்தம் இல்லன்னு மாத்துச்சு, அவங்க பார்லிமெண்ட் கீழவை டூமால எதிர்த்து விழுந்தது மூணே ஓட்டு. அதுல புடினுக்கு என்ன லாபம்?

கடலோடி:

லாபம் ரெண்டு மூணு இருக்கு ப்ரோ. ஒண்ணு, வீட்டுக்குள்ள நீ ராஜான்னு ஆம்பளைங்களுக்கு ஒரு சலுகைய தூக்கி குடுத்துட்டா வெளில உரிமைய புடுங்குறது ஈசி. இன்னொண்ணு எனக்கு இன்னும் முக்கியமா தோணுது, எந்த அமைப்பு இன்னும் எதிர்க்குது எது அடங்கிப் போச்சுன்னு சோதிச்சு பாக்க இது நல்ல இடம். துருக்கிய பாருங்க. பெண்கள் மேல நடக்கற வன்முறைக்கு எதிரா ஐரோப்பிய உடன்படிக்கை, இஸ்தான்புல்லயே கையெழுத்தானதால அந்த ஊர் பேர், முதல்ல ஏத்துக்கிட்ட நாடே துருக்கிதான், 2011ல அவங்க பார்லிமெண்ட்ல எதிர்த்து ஒரு ஓட்டு கூட விழல. 2021 மார்ச் 20, ராத்திரியோட ராத்திரியா அரசிதழ்ல அதிபர் எர்டோகன் கையெழுத்தோட ஒரு முடிவு வருது, விலகியாச்சுன்னு. காலைல எழுந்து பாத்தா இல்ல. பார்லிமெண்ட் ஒருமனதா கொண்டு வந்தத ஒரு ஆள் கையெழுத்துல எடுக்கலாமான்னு கேஸ் போட்டாங்க, அடுத்த வருஷம் கோர்ட் மூணுக்கு ரெண்டுன்னு எடுக்கலாம்னுடுச்சு. இப்ப சொல்லுங்க, அது பெண்கள் கேஸா, பார்லிமெண்ட் கேஸா? இந்த ஒப்பந்தத்த எடுக்கலாம்னா நாளைக்கு எந்த ஒப்பந்தத்தையும் எடுக்கலாமே.

போலந்து இன்னும் தெளிவு. 2016ல கருக்கலைப்ப மொத்தமா தடை பண்ண பார்லிமெண்ட்ல மசோதா வந்துச்சு, பெண்கள் கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு ஒரு லட்சம் பேர் கிட்ட தெருவுக்கு வந்தாங்க, ஆளுங்கட்சி பயந்து கைவிட்டுது. ஏன் பயந்துச்சுன்னா ஓட்டு போயிடும். ஆனா அதே கட்சி 2015ல இருந்தே அரசியல் சாசன கோர்ட்ல தன் ஆளுங்கள நிரப்பிட்டு வந்துச்சு, முந்தின பார்லிமெண்ட் தேர்ந்தெடுத்த மூணு நீதிபதிங்களுக்கு அதிபர் பதவிப் பிரமாணமே செஞ்சு வைக்கல. 2020 அக்டோபர்ல, கொரோனா ஊரடங்கு நேரம், பார்லிமெண்ட்ல முடியாதது கிட்டத்தட்ட முழுசா அந்த கோர்ட் வழியா முடிஞ்சுது. கோர்ட்ட புடிச்சா நமக்கென்னன்னு இருந்தவங்களுக்கெல்லாம் அன்னைக்குத்தான் புரிஞ்சிருக்கும். கோர்ட் சுதந்திரம்னு சொன்னப்ப வராத கூட்டம் அப்ப வந்துச்சு. 2023 தேர்தல்ல 74% பேர் ஓட்டு போட்டாங்க, கம்யூனிஸ்ட் ஆட்சி போனதுல இருந்து அவ்வளவு பேர் போட்டதே இல்ல, எக்ஸிட் போல் கணக்குப்படி ஆம்பளைங்கள விட பெண்கள் கொஞ்சம் கூட. ஆட்சி மாறுச்சு. ஆனா சட்டம் இன்னும் மாறல, 2024ல கொண்டு வந்த தளர்வு மசோதா மூணு ஓட்டுல தோத்துச்சு, ஆளுங்கூட்டணிலயே இருந்த பழமைவாதிங்க கால வாரிட்டாங்க. பெண்கள் வந்து ஜனநாயகத்த காப்பாத்துவாங்க, ஜனநாயகம் பதிலுக்கு அவங்கள காப்பாத்தும்னு கேரண்டி கிடையாது.

சூடான்ல அதான ஆச்சு. 2019ல சர்வாதிகாரி பஷீருக்கு எதிரா நடந்த போராட்டத்துல அலா சலான்னு ஒரு பொண்ணு வெள்ளை உடுப்புல கார் மேல ஏறி நின்ன போட்டோ உலகம் பூரா போச்சு, கூட்டத்துல முக்கால்வாசி பெண்கள்னு கூட சொன்னாங்க. பஷீர் போனாரு. புது இறையாண்மை கவுன்சில்ல பதினோரு பேர், அதுல பெண்கள் ரெண்டு. ராணுவத்துக்காரங்களோட உக்காந்து பேரம் பேசற மேஜைக்கு பெண்கள கிட்டத்தட்ட கூப்பிடவே இல்ல. 2021ல ராணுவம் எல்லாத்தையும் கலைச்சுடுச்சு, 2023ல போர். பெண்கள் நிறைய பேர் இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. எரிகா செனோவெத், ஸோயி மார்க்ஸ் ரெண்டு பேரும் உலகம் பூரா மக்கள் போராட்டங்கள எடுத்து பாத்து சொல்றது, பெண்கள் முன்வரிசைல இருக்கற போராட்டம் ஜெயிக்கற வாய்ப்பு கூட, அதுக்கப்புறம் வர ஆட்சியும் கூடுதல் சமத்துவமா இருக்கும். அதனாலதான் சர்வாதிகாரிக்கு பயம். பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோ 2020ல எங்க அரசியல் சட்டம் பொம்பளைக்காக எழுதுனது இல்லன்னு கிண்டல் பண்ணாரு, புருஷன் ஜெயிலுக்குப் போனதால அவர எதிர்த்து தேர்தல்ல நின்ன த்சிகானோஸ்காயா கூட்டத்துக்கு மின்ஸ்க்ல ஜனம் அலை மோதுச்சு. அவங்க கூட்டாளி கோலெஸ்னிகோவாவ நாடு கடத்த பார்டருக்கு கொண்டு போனப்ப அந்தம்மா தன் பாஸ்போர்ட்ட கிழிச்சு கார் ஜன்னல் வழியா வீசிட்டாங்க, பாஸ்போர்ட் இல்லாம வெளிய தள்ள முடியாதுல்ல. 11 வருஷம் தண்டனை குடுத்தாங்க.

தம்பி முதல்ல கேட்டதுக்கு ஒரு நேரடி ஆதாரம் வேணும்னா, மாலா ஹ்துன், லாரல் வெல்டன் ஆய்வு, 2012. 70 நாடு, 1975ல இருந்து 2005 வரைக்கும். பெண்கள் மேல வன்முறைக்கு எதிரா நல்ல சட்டம் எங்க வருதுன்னு பாத்தாங்க. பார்லிமெண்ட்ல எத்தன பெண்கள்ங்கறத விட, கட்சிக்கும் அரசாங்கத்துக்கும் கட்டுப்படாத பெண்கள் இயக்கம் பலமா இருக்காங்கறதுதான் தீர்மானிக்குது. பேப்பர் அண்ணன் சொன்ன ழென்அத்யேல் கதை இதோட அப்படியே பொருந்தும்.

நக்கல்_மன்னன்:

எல்லாம் சரிங்க. இட ஒதுக்கீடு குடுத்தா புருஷன் தான பின்னாடி உக்காந்து ஆளறான். இதுக்கு எதுக்கு இத்தன பக்கம்.

பழைய_பேப்பர்:

மன்னா, ஆளறான்தான், பல இடத்துல. ஆனா அதோட நிக்கறதில்ல. மெக்சிகோல 2009ல நடந்தத கேளுங்க. ஒதுக்கீடு சட்டம் இருந்ததால கட்சிங்க பெண்கள நிறுத்துனாங்க, ஜெயிச்சாங்க, பதவியேத்த சூட்டோட எட்டு பெண் உறுப்பினர்கள் லீவு எழுதிக் குடுத்துட்டு போயிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் மாற்று உறுப்பினர்னு ஒரு ஆள் இருப்பாங்க அந்த முறைல, பாத்தா அத்தனையும் ஆம்பளைங்க, சிலர் சொந்தக்காரங்களே. பத்திரிகைல அவங்களுக்கு ஹுவானிட்டாஸ்னு பட்டப்பேர். நீங்க சொல்ற அதே கேலிதான். ஆனா பெண்கள் கட்சி பாக்காம ஒண்ணா சேந்து கேஸ் போட்டாங்க, 2011ல தேர்தல் கோர்ட் சொல்லிடுச்சு, உறுப்பினர் பெண்ணுன்னா மாற்று ஆளும் பெண்ணாத்தான் இருக்கணும். ஒரே வரி. அடுத்த தேர்தல்லயே 37%, 2021ல பாதி. ஓட்டைய அடைக்க கோர்ட், பேச பத்திரிகை, கேஸ் போட சுதந்திரம், இதெல்லாம் இருந்ததால முடிஞ்சுது. ருவாண்டால இதுல எது இருக்கு?

இந்தியா பஞ்சாயத்துலயும் சட்டோபாத்யாய், டுஃப்லோ பண்ண ஆய்வு 2004ல வந்துச்சு. எந்த ஊர் பெண்ணுக்கு ஒதுக்கறதுன்னு குலுக்கல் மாதிரி சுழற்சில வரதால ஒப்பிட முடிஞ்சுது. மேற்கு வங்கம், ராஜஸ்தான் ரெண்டுலயும் பெண் தலைவர் இருந்த பஞ்சாயத்து குடிதண்ணிக்கு கூட செலவு பண்ணியிருக்கு. புருஷன்தான் முழுக்க ஆண்டான்னா அந்த வித்தியாசமே வந்திருக்கக் கூடாதே?

நக்கல்_மன்னன்:

ஹுவானிட்டா கதை புதுசு. சரி, சட்டமும் இருந்து கோர்ட்டும் சொல்லி, அப்பவும் ஆளுங்க செய்யலன்னா?

வேப்பமரத்தடி_அக்கா:

அதுவும் நடக்கும். அடிச்சும் பாப்பாங்க. பொலிவியால அன்கோராய்மெஸ்னு ஒரு சின்ன நகராட்சி, அங்க ஜுவானா கிஸ்பேன்னு கவுன்சிலர். ஜெயிச்ச பின்னாடியும் மேயர் தரப்பு அவங்கள கூட்டத்துக்கே விடல, கோர்ட்ல போய் உத்தரவு வாங்கிட்டு வந்தாங்க, அப்பவும் விடல. 2012 மார்ச்ல கொலை பண்ணிட்டாங்க. பல வருஷமா கிடப்புல கிடந்த மசோதா ரெண்டே மாசத்துல சட்டமாச்சு, அரசியல்ல இருக்கற பெண்கள துன்புறுத்தறதுக்கு எதிரா சட்டம் எண் 243, உலகத்துலயே அந்த மாதிரி முதல் சட்டம். இது பொலிவியா சமாச்சாரம் மட்டுன்னு நெனக்காதீங்க, உலக நாடாளுமன்றங்கள் ஒன்றியம் 2016ல 39 நாட்டுல 55 பெண் எம்பிங்ககிட்ட கேட்டுச்சு, 44% பேருக்கு கொலை, பலாத்காரம், அடி, கடத்தல்னு ஏதாவது ஒரு மிரட்டல் வந்திருக்கு. மிரட்டலுக்கு பயந்து ஒருத்தர் நிக்காம போனா வாக்காளருக்கு ஒரு சாய்ஸ் குறைஞ்சுது, ஓட்டுச்சீட்டுல அது தெரியாது.

கடலோடி:

மன்னன் கேட்ட கேள்விக்கு கச்சிதமான உதாரணம் கென்யா. 2010 அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்கு, தேர்ந்தெடுக்கப்படற எந்த சபைலயும் ஒரே பாலினம் மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு. அத நடைமுறைப்படுத்த பார்லிமெண்ட் ஒரு சட்டம் போடணும். கோர்ட் திரும்பத் திரும்ப கெடு விதிச்சுது. மசோதா வந்தா ஓட்டெடுப்பு அன்னைக்கு உறுப்பினர்கள் சபைக்கே வர மாட்டாங்க, வேணுங்கற எண்ணிக்கை சேராது, அப்படியே விழுந்துடும். எதிர்த்து ஓட்டு போட்டா பேர் வந்துடும்ல, அதனால வராம இருந்துட்டாங்க. கடைசில 2020 செப்டம்பர்ல தலைமை நீதிபதி டேவிட் மராகா, அரசியல் சட்டம் சொன்னத செய்யாத பார்லிமெண்ட கலைச்சுடுங்கன்னு அதிபருக்கு எழுதியே குடுத்துட்டாரு.

அதிபர் கலைக்கல. மராகா சில மாசத்துல ரிட்டயர் ஆகிட்டாரு, 2022 தேர்தலும் அதே பழைய கணக்குல நடந்து முடிஞ்சுது.